சட்டி லைட்

சட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டுகிற முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு சட்டி, அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்றுக் குறைந்தால் எரிகிற விளக்கு. கம்பெனிக்காரன் அதற்கு என்ன பேர் வைத்தானோ தெரியாது, கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற கனகவேலின் கண்ணுக்கு அது சட்டியாகத்தான் பட்டது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் அதற்குச் சட்டி லைட் என்றுதான் பேர். திண்டுக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், "இந்தா, சட்டி எரிய ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் வண்டியை ஒரு பெட்ரோல் பங்க்குக்குள் விட்டார். காற்றுப் பிடிக்கிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். அந்த மிஷின் ஒரு மூலையில் குழாயைத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டு தனியாக நின்றது. "அவன் எப்ப வந்து, எப்ப பிடிச்சு, நாம எப்பப் போக? ராகுகாலத்துக்கு முந்தி கரூர் போயிரணும். அந்த பட்டன அமுக்கிப் பிடி, லைட்டு தன்னால போயிரும். நான் ஒண்ணுக்கு இருந்துட்டு, டீ வாங்கிட்டு வாரேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, கதவு 'டப்' என்று மூடியது. செண்பகவல்லி முன்சீட்டில் இடதுபக்கம், பின்சீட்டில் அவளுடைய ஒரே மகள் வினோதினி, நடுவில் காராச்சேவு வாசனை.

வாரேன் என்றார். ஒண்ணுக்குப் போகிற மனுஷன்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். பால்காரர் சொல்கிறார், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சொல்கிறார், சண்டை போட்டுக்கொண்டு போகிற கொழுந்தன்கூட வாசல்படியில் நின்று முறைத்துக்கொண்டே வாரேன் என்கிறான். யாருக்கும் யோசித்துச் சொல்கிற சொல் இல்லை அது, செருப்பு மாட்டும்போது கூடவே வாயில் வருகிறது. துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்திருப்பது. காலையில் வினோ என்ன சொன்னாள்? செண்பகவல்லி அவள் தலையில் பூ வைத்து, நெற்றியில் குங்குமம் இட்டு, பையைக் கையில் கொடுத்தாள். வாசலில் இறங்கும்போது அவள் திரும்பி வீட்டைப் பார்த்துச் சொன்னாள். போறேன். அம்மாவைப் பார்த்துக்கூட இல்லை, வீட்டைப் பார்த்து. அம்மாவும்தான் கூட வரப்போகிறாள், அப்பாவும்தான் வரப்போகிறார், அப்புறம் யாரிடம் சொன்னாள்? வாய் தவறியிருக்கும். பெண்பிள்ளைக்குத் தூக்கக் கலக்கத்தில் பாதி சொல் வாயிலேயே நின்றிருக்கும், போயிட்டு வாரேன் என்பதில் முன்பாதி மட்டும் வெளியே விழுந்திருக்கும். அப்படி என்றால் போயிட்டு என்றல்லவா விழ வேண்டும்? போறேன் என்று முழுசாக அல்லவா விழுந்தது? செண்பகவல்லிக்கு அது காதில் விழுந்தது. சின்ன வயதாக இருந்தால் வாயிலேயே ஒன்று போட்டு, மாத்திச் சொல்லுட்டி மூதேவி என்று திரும்ப வரவழைத்துச் சொல்ல வைத்திருப்பாள். இப்போது சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர் ஹாரன் அடித்தார், அதனால் சொல்லவில்லை. ஹாரன் அடித்தாரா, அடித்தார். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இருந்ததே, அதில் என்ன செய்துகொண்டிருந்தாய்? சேவுப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பட்டன் ஸ்டியரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்கால் இடிக்கிற இடத்தில் இருந்தது. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றி, கியரின் மேல் விழாமல் ஒருக்களித்து, கையை நீட்டினாள். விரல் எட்டியது. வழவழவென்று சின்னதாக ஒரு பட்டன், இதற்கு எவ்வளவு அதிகாரம். அந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தபோதுதான் இரண்டு சீட்டுக்கும் இடையில் மகளின் முகம் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, மூடியிருக்கிறாளா? சிறுபிள்ளையில் கள்ளத் தூக்கம் தூங்கினால் இமை துடிக்கும், பிடித்துவிடலாம். இப்போது துடிக்கவில்லை. பூ அதற்குள் வாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவள் மடியில் கைகள் சும்மா கிடந்தன. அவள் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது, கதவைத் திறந்தால்தான் தெரியும். குழந்தைகள் கதவைத் திறந்துவிடக் கூடாது என்று வைத்திருக்கிற பூட்டு அது. தள்ளிவிட்டால் உள்ளேயிருந்து எத்தனை இழுத்தாலும் திறக்காது, வெளியேயிருந்து யாராவது திறந்துவிட வேண்டும். இந்த வண்டியில் குழந்தை யாரும் ஏறியதில்லை. காலையில் கனகவேல் பின்கதவைத் திறந்து, குனிந்து, சாவி முனையால் அதைத் தள்ளினார். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து அந்தப் பக்கமும் தள்ளினார். நிமிர்ந்தபோது சேவுப் பொட்டலங்களோடு அவள் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "லாரி ரோடு. சேஃப்டிக்குத்தான்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். முப்பது வருஷமாக ஆட்டுகிற தலை, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன தடவை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுவிடப் போனபோது கரூருக்குள் நுழைகிற சிக்னலில் வினோ கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். ஓடவெல்லாம் இல்லை. இறங்கி, ரோட்டுக்கு நடுவில் உள்ள கட்டைச் சுவரின் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பஸ் போகிறது. அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். என்னட்டி இப்படிப் பண்ணிட்ட என்று கேட்டதற்கு, "சும்மாதாம்மா, காத்து வாங்க எறங்கினேன்" என்றாள். காத்து வாங்க. பஸ் புகைக்கு நடுவில் காத்து வாங்க. அதையும் நம்பினோம். நம்புவதற்கு வசதியாக ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்.

முதல் தடவை வந்தபோது அழுதாள். கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். வந்த அன்றிலிருந்து அழுகை, சோற்றில் கை வைத்தால் அழுகை, டி.வி.யில் விளம்பரம் வந்தால் அழுகை. மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போகிறாராம், சாயங்காலம் வந்துதான் திறக்கிறாராம். மாடி வீடு, ஜன்னலுக்குக் கம்பி, எதிரே ஒரு சுவர். கேட்டால் ஊர் கெட்டுக் கிடக்கு, சேஃப்டிக்குத்தான் என்கிறாராம். செண்பகவல்லிக்குக் கேட்டவுடனே மூச்சு முட்டியது உண்மை. முட்டிய மூச்சை விழுங்கிவிட்டு, உம்மேல உள்ள பிரியத்துலதாமுட்டி, புதுசுல ஆம்பிளைங்க அப்படித்தான் என்று சொன்னதும் உண்மை. யார் சொன்ன வாக்கியமோ, அவள் வாயில் தயாராக இருந்தது. இரண்டாவது தடவை வந்தபோது அழவில்லை. போனையும் எடுத்துக்கிட்டுப் போறாரும்மா என்று மட்டும் சொன்னாள், காய்கறி விலை சொல்வதுபோல. உங்கப்பாட்ட சொல்லிப் பேசச் சொல்லுதேன் என்றாள் இவள். அவரும் பேசினார். மாப்பிள்ளை ரொம்ப மரியாதையாகப் பேசினாராம், மாமா மாமா என்றாராம், அவருக்கு அதிலேயே உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாவது தடவை, இந்தத் தடவை, வினோ ஒன்றுமே சொல்லவில்லை. வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், துணி மடித்தாள். கேட்டதற்கு நல்லா இருக்கேம்மா என்றாள். தெருவில் கேட்டார்கள், மக வந்திருக்கா போல, எப்பப் போறா? அந்த ரெண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்க அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. நாளைக்கு இதுவே வேறு மாதிரி ஆனால் ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள், வாழாவெட்டி என்று. வாழவும் இல்லை, வெட்டவும் இல்லை, என்ன சொல்லோ, எந்தப் புண்ணியவான் கட்டிவைத்தானோ. அந்தச் சொல் வாசலில் வந்து நின்றுவிடக் கூடாது என்றுதான் செண்பகவல்லி சேவுப் பொட்டலம் கட்டினாள், கடலைமிட்டாய் வாங்கினாள். நேற்று ராத்திரி படுக்கும்போது அவரிடம் சொன்னாள், பிள்ளை சரியாயிட்டாங்க, முன்ன மாதிரி அழுறதில்ல. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். தாய்க்காரி தூங்கினாள்.

விரல் பட்டன்மேல்தான் இருக்கிறது. அமுக்கினால் போய்விடும், அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார். எரிந்தால் அமுக்குவார், அணைந்துவிடும், பார்த்தியா ஒண்ணுமில்ல என்பார். பத்து நாள் ஓடும், இருபது நாள் ஓடும், திரும்ப எரியும், திரும்ப அமுக்குவார். வினோதான் ஒருநாள் சண்டைக்குப் போனாள், கல்யாணத்துக்கு முந்தி. இந்த வண்டியில்தான் அவள் ஓட்டப் பழகினாள். இளையரசனேந்தல் ரோட்டில் காலையில் கூட்டிக்கொண்டு போவார், அவள் ஓட்டுவாள். திரும்பி வரும்போது தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவாள், தேர் வருகிற மாதிரி. வந்து இறங்கிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள், "எம்மா, இந்த அப்பாட்ட சொல்லும்மா. காத்து பிடிச்சிட்டுத்தான் அந்த பட்டன அமுக்கணும். வண்டிக்கு எது சரின்னு தன்னால தெரியாதும்மா. நாம அமுக்கையில எவ்வளவு காத்து இருக்கோ, அதுதான் சரின்னு எடுத்துக்கிடும். கம்மியா இருக்கையில அமுக்கினா அந்தக் கம்மியையே சரின்னு வச்சுக்கிடும். இவரு பாட்டுக்குச் சும்மாச் சும்மா அமுக்குறாரு. பாவம், முன்னால எவ்வளவு இருந்துச்சுன்னே அதுக்கு மறந்துரும்." கனகவேல் சிரித்தார், எங்கம்மா பெரிய மெக்கானிக்கு என்றார். செண்பகவல்லியும் சிரித்தாள். பாவம் என்றாளே, வண்டியைப் போய்ப் பாவம் என்றாளே என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்தப் பாவம் திரும்பி வந்தது. அழுதாளே. முதல் தடவை அவ்வளவு அழுதாளே, எரிந்தாளே. பிரியத்துலதான் என்று ஒரு அமுக்கு. அப்பா பேசுவாரு என்று ஒரு அமுக்கு. நெற்றியில் குங்குமம் வைத்தேனே, அதுவும் அமுக்குத்தான். அணைந்துவிட்டது. அணைந்ததும் சரியாயிட்டா என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினேன். சரியாகவில்லை. அவளுக்கு மறந்துவிட்டது, முன்னால் எவ்வளவு இருந்தது என்று மறந்துவிட்டது. தெருமுனையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான் என்று அவளுக்கே மறந்துவிட்டது. போறேன். வாய் தவறவில்லை.

விரல் வியர்த்திருந்தது, இந்த ஏ.சி.யிலும். அவள் கையை இழுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே, டீக்கடைப் பக்கம், கனகவேல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கெட்ட மனுஷன் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் கடையைத் திறக்காத மனுஷன். அவருக்கும் பயம், எனக்கும் பயம், ரெண்டு பயமும் சேர்ந்து நடுவில் ஒரு பிள்ளையை வைத்து ஓட்டிக்கொண்டு போகிறோம். என்ன செய்யலாம்? கூட்டிக்கொண்டு திரும்பினால் அவர் கத்துவார், பிரஷர் ஏறும், மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறதா, இருக்கும். தெரு பேசும். பேசட்டும் என்று சொல்வது சுலபம், தெருவில் குடியிருக்கிறவளுக்கு அல்லவா தெரியும். மாப்பிள்ளை வந்து மரியாதையாக நிற்பார், அதுதான் பயம், கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம், மரியாதையாக நிற்கிறவனை என்ன செய்வது? இப்போது அமுக்கிவிடலாம். ஒரு சின்னப் பட்டன். அமுக்கினால் அணையும், அவர் வருவார், டீ குடிப்போம், கரூர் போவோம், சேவைக் கொடுப்போம், சம்பந்தியம்மா எதுக்கு இதெல்லாம் என்பாள், சாயங்காலம் திரும்புவோம். திரும்பும்போது பின்சீட் காலியாக இருக்கும். காலியாக. அப்புறம் ஒருநாள் போன் வரும். யார் பேசுவார்கள்? மாப்பிள்ளைதான் பேசுவார், மரியாதையாக. செண்பகவல்லிக்கு மூச்சு வாங்கியது. சேவு வாசனை, பூண்டும் மிளகுமாக, மூக்கில் ஏறியது. கதவு எல்லாம் மூடியிருக்கிறது, திறக்காது, இவளும் உள்ளே அவளும் உள்ளே, வெளியேயிருந்து யாராவது வந்து திறந்துவிட வேண்டும், யார் வருவார்கள், யாரும் வர மாட்டார்கள் என்று தன் பக்கத்துக் கைப்பிடியை வெறி பிடித்தவள் மாதிரி இழுத்தாள். அது திறந்துகொண்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்கதவுக்குக் கொக்கி கிடையாது, எப்போதும் கிடையாது, காலையிலிருந்து எந்த நேரமும் திறந்திருக்கலாம். அவள் இறங்கினாள்.

வெயில் மூஞ்சியில் அறைந்தது. இறங்கி, பின்கதவை வெளியேயிருந்து திறந்தாள். வினோதினி கண்ணைத் திறந்திருந்தாள். தூங்கியே இருக்கவில்லை.

"ஏட்டி, காலையில கெளம்பையில என்ன சொன்ன?"

வினோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"போறேன்னு சொன்னல்ல."

"ஆமா."

"வாய் தவறிச் சொன்னியா?"

"இல்லம்மா" என்றாள், மெதுவாக. "தெரிஞ்சுதான் சொன்னேன். நீ கேட்டுட்டேன்னு எனக்குத் தெரியும்."

செண்பகவல்லி கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தகரம் அடுப்பில் வைத்ததுபோலச் சுட்டது, விடவில்லை. கேட்டுட்டேன்னு தெரியும். கேட்டுவிட்டுச் சேவுப் பொட்டலம் எண்ணினாள் அம்மா என்றும் தெரியும். அதையும் தெரிந்துகொண்டுதான் இவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். அழ வேண்டும் போலிருந்தது, அழுவதற்கு இது நேரம் இல்லை என்றும் இருந்தது.

"எறங்குட்டி."

"எங்கம்மா?"

"முன்னாடி. அப்பா சீட்டுல உக்காரு. நீ ஓட்டு."

"எங்க ஓட்ட?"

"மொதல்ல அந்தா காத்துப் பிடிக்கிற மிஷின் வரைக்கும். அந்த ஆளு சாப்பிட்டு வாரதுக்கு நேரமானா ஆகட்டும், இருந்து பிடிப்போம். பெறவு வீட்டுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

கேள்வி நியாயமானதுதான். "நம்ம வீட்டுக்கு" என்றாள் செண்பகவல்லி, குரல் உடைந்துவிட்டது. "வழி மறந்துட்டியாட்டி?"

வினோதினி உடனே இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் வைத்து, அது தரைதானா என்று பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தாள். அப்புறம் இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னுக்கு இழுத்தாள், அப்பா பின்னால் தள்ளிப் போட்டிருப்பார். கண்ணாடியைத் திருத்தினாள். கைகள் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தன. அம்மா அவள் பக்கத்துக் கதவுக்கு வெளியே காவலுக்கு நிற்பதுபோல நின்றாள்.

"சட்டி எரியுதும்மா" என்றாள் வினோ. காலையில் போறேன் என்றதற்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு அது. "பிடிக்கிற வரைக்கும் இப்படியே எரியும், பரவால்லையா?"

"எரியட்டும்."

கனகவேல் மூன்று டீயை இரண்டு கைகளில் இடுக்கிக்கொண்டு வந்தார். பாதி தூரத்திலேயே மகள் உட்கார்ந்திருக்கிற இடம் கண்ணில் பட்டுவிட்டது, ஒரு கப் சரிந்து விரலில் ஊற்றியது. உதறவும் முடியாமல் வந்து நின்றார். "என்ன இது? லைட்டு போச்சா, இல்லையா?"

"போகல."

"அமுக்கினியா?"

"அமுக்கல. இனிமே அமுக்க மாட்டேன்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததை வாய் ஒத்துக்கொள்ளவில்லை. "நேரமாவுது செண்பகம். அங்க எல்லாரும் எதிர்பார்த்துக்கிட்டு இருப்பாங்க. மாப்பிள்ளைட்ட நான் என்னன்னு சொல்ல?"

"சட்டி எரியுதுன்னு சொல்லுங்க."

"வெளையாடாத."

அவள் விளையாடவில்லை. அவர் கையிலிருந்து டீயை ஒவ்வொன்றாக வாங்கி வண்டியின் மேல் வைத்தாள். அவர் சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், இருந்தது. அப்புறம் மகள் முதலில் உட்கார்ந்திருந்த பக்கத்துப் பின்கதவை அகலத் திறந்து பிடித்தாள். கதவின் ஓரத்தில் அந்தச் சின்னக் கொக்கி வெயிலில் தெரிந்தது, காலையில் அவர் தள்ளிவிட்ட இடத்திலேயே இருந்தது. அவர் அதையே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏறுங்க" என்றாள் செண்பகவல்லி. "சேஃப்டிதான்."